முப்பத்தேழாம் அளவு பூட்ஸ்

சந்தியா,

நீ போனை எடுக்க மாட்டாய் என்பதால் எழுதுகிறேன். போன் என்றால் "மீட்டிங்ல இருக்கேம்மா" என்று ஒரு வரி அனுப்பிவிட்டு வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படிக் கட் பண்ண முடியாது பார். உங்கப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "எழுதறது எழுதற, கொஞ்சம் பதமா எழுது, புள்ள அங்க தனியா இருக்குது" என்கிறார். பதமாகப் பேசத் தெரிந்திருந்தால் ஷூ கம்பெனியில் ஒரு லைன் முழுக்கப் பெண்களை வைத்து இத்தனை வருஷம் வேலை வாங்கியிருப்பேனா? என் வாய் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். பெங்களூரில் உன் தோழி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து இதை முழுக்கப் படி. பாதியில் மடித்து வைத்தாயோ, பஸ் ஏறி வந்து நானே உரக்க வாசித்துக் காட்டுவேன்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கம்பெனியில் புதிதாக ஒரு ஸ்டிச்சிங் லைன் போடுகிறார்கள். ஆள் எடுப்பது வருகிற சனிக்கிழமையோடு முடிகிறது. உன் பெண்கள் ஃபுட்பால் லீக்கில் ஆடுவதற்காக என் லைனை விட்டுப் போன எட்டுப் பெண்களையும் திரும்ப எடுத்துக்கொள்ள பர்சனல் மேனேஜர் ஒருவழியாகத் தலையாட்டியிருக்கிறார். பழைய இடம் கிடைக்காது. புது ஆளாக, ஹெல்ப்பராக, தட்டு தூக்கிக் கொடுக்கிற வேலைதான். அந்த எட்டில் ஒருத்தி ஜெயந்தி, அவள் போட்ட தையலை அந்த மனுஷன் சரக்கு வாங்க வந்த வெளிநாட்டு பையரிடம் பெருமையாக எடுத்துக் காட்டியிருக்கிறார். இப்போது அதே ஜெயந்தி, தான் தொழில் கற்றுக்கொடுத்த பெண்ணுக்கு எடுபிடி செய்ய வேண்டும். அதற்கே நான் அவர் மேஜைக்கு முன்னால் போய்ப் போய் நின்றேன். சரி, இதாவது கிடைத்ததே என்று அவர்களிடம் ஓடினால், எட்டுப் பேரும் பேசி வைத்துக்கொண்ட மாதிரி ஒரே பதில். "இப்ப கம்பெனில சேந்துட்டா லீக் கான்ட்ராக்ட் கேன்சல் ஆய்டும் ஆன்ட்டி. ரெண்டாவது சீசன்ல எங்கள எடுக்க மாட்டாங்க. அக்கா வாய்ஸ் மெசேஜ் போட்டுக்கிறாங்க, கொஞ்ச நாள் பொறுத்துக்கச் சொல்லி." அவர்களில் ஷபானா அதை எனக்குப் போட்டுக் காட்டினாள். உன் குரல்தான். "நம்பிக்கைய மட்டும் வுட்றாதீங்க" என்கிறாய். கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

இரண்டாவது சீசன் கிடையாது. எனக்குத் தெரியும், உங்கப்பாவுக்குத் தெரியும், உனக்கும் தெரியும். போன மாதம் பெங்களூர் புறப்படுகிறபோது அடுப்படியில் நின்று நீயே சொன்னாய், "முடிஞ்சிட்ச்சும்மா, காசு போட ஒருத்தரும் முன்ன வரல" என்று. எனக்குச் சொன்னதை அவர்களுக்குச் சொல்லாமல் போய்விட்டாய். நான் தினமும் காலையில் கம்பெனி பஸ்ஸில் ஆம்பூருக்குப் போகிறேன். மாதனூர் தாண்டி பைபாஸ் ஓரத்து மைதானம் வந்தால் பஸ்ஸில் இருக்கிற பெண்கள் எல்லாம் அந்தப் பக்கம் திரும்பிவிடுவார்கள். அங்கே அந்த எட்டுப் பேரும் ஓடிக்கொண்டிருப்பார்கள். உன் டீம் ஜெர்சிதான், சாயம் போய்விட்டது. "இன்னாக்கா, உங்க பொண்ணு கம்பெனி இன்னும் ஓடுதா?" என்று பின்சீட்டிலிருந்து ஒருத்தி சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்கிறாள். எந்தப் பேச்சுக்கும் சளைக்காத நான், முந்தானையைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொள்கிறேன்.

உன்னைப் பந்து விளையாடவே விடாமல் வளர்த்த அம்மா என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது. மூன்றாம் வகுப்பில் நீ பையன்களோடு ஆடிவிட்டு முட்டியைப் பேர்த்துக்கொண்டு வந்த நாளெல்லாம் உனக்கு முதலில் விழுந்தது அடி, அப்புறம் மஞ்சள். உன் பந்து பிரிந்துபோய் நீ சோறு வேண்டாம் என்று சுருண்டு படுத்தபோது, அதை டிபன் பைக்குள் அமுக்கிக் கொண்டுபோய், சாப்பாட்டு நேரத்தில் கம்பெனி மிஷினிலேயே தைத்தேன். எவளோ போட்டுக்கொடுத்து எனக்கு மெமோ வந்தது. அன்றைக்கு உங்கப்பா, "ஒலகத்துல எவளாவது ஃபுட்பால் தெச்சி மெமோ வாங்குவாளா?" என்று தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தார். நீ மாநில டீமில் சேர்ந்ததும் அதே ஆள் அந்தக் கதையை மைக் இல்லாத குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். உன் ஆட்டத்தில் எனக்கு எவ்வளவு பெருமை இருந்தது என்று உன்னிடம் நான் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். இனிமேல் நான் எழுதப்போவதைத் தாங்கிக்கொள்ள உனக்கு அது தேவைப்படும்.

வெளி மாநிலத்து கிளப்புகளில் ஆடிவிட்டு நீ திரும்பி வந்து, நம் பக்கத்திலேயே பெண்களுக்குச் சம்பளத்தோடு ஒரு லீக் நடத்தப்போகிறேன் என்றாய். ஆம்பூருக்கு ஒரு டீம், வாணியம்பாடிக்கு ஒன்று, பேரணாம்பட்டுக்கு ஒன்று, ராணிப்பேட்டைக்கு ஒன்று. ஷூ கம்பெனிகளில் இல்லாத பெண்களா, அதில் ஓடத் தெரிந்தவள் இல்லாமலா போவாள் என்று கேட்டாய். எங்கள் முதலாளியும் உன் பேச்சில் மயங்கி ஆம்பூர் டீமை ஏற்றுக்கொண்டார். அப்போதுதான் பர்சனல் மேனேஜர் ஒரு முடிச்சுப் போட்டார். ஆடுகிற பெண்கள் ராஜினாமா எழுதிக் கொடுக்க வேண்டும். சம்பள ரோலில் பேர் இருந்து லைனில் ஆள் இல்லையென்றால் பையரின் ஆடிட்டில் மாட்டிக்கொள்வோம் என்றார். எனக்கு அப்போதே சுருக்கென்றது. "வேணாண்டி, ஞாயித்துக்கெழம மட்டும் ஆடட்டும், வேலையும் இருக்கட்டும்" என்று படித்துப் படித்துச் சொன்னேன். நீ கேட்டாயா? "வேலைய வெச்சிக்கினு ஆடுனா அது பொழுதுபோக்கும்மா. முழுநேரம் ஆடுனாதான் ப்ரொஃபஷனல். ஆம்பளைங்கள யாராவது ஷிஃப்ட் முடிச்சிட்டு வந்து ஆடச் சொல்றாங்களா?" என்று என் வாயை அடைத்துவிட்டாய். நியாயமான கேள்விதான். அந்த வாரமே எட்டுப் பேரும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

ஷபானா வீட்டுக்கு நீயும் நானும் போனது நினைவிருக்கிறதா? அவள் அப்பா தோல் மண்டியில் மூட்டை தூக்குகிற மனுஷன், நம்மை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுத் தான் கீழே உட்கார்ந்தார். நீ லீக், கோச், சீசன் என்று என்னென்னவோ விளக்கினாய். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் என் பக்கம் திரும்பினார். "இந்தப் பாப்பா சொல்றது எனக்கு ஒண்ணும் வெளங்கலம்மா. எங்க ஆளுங்க ஜாஸ்தி பேசுவாங்க, பேஜார் பண்ணுவாங்க. ஆனா நீங்க ஒரு கம்பெனில இவ்ளோ வருஷமா கீறீங்க. நீங்க சொன்னா வுட்றேன்" என்றார். நான் சொன்னேன். உன் மேல் இருந்த நம்பிக்கையில் சொன்னேன். ஷபானாவுக்கு அன்றைக்கு வந்த சிரிப்பு இருக்கிறதே, கோல் போஸ்டில் நின்று எத்தனை பந்தைப் பிடித்தாலும் அவளுக்கு அப்படிச் சிரிப்பு வந்ததில்லை.

அப்புறம் அந்த பூட்ஸ். முதலாளி, "ஆம்பூர் டீம் ஆம்பூர் பூட்ஸ் போட்டுத்தான் ஆடணும், நம்ம தோல், நம்ம தையல்" என்றார். சாம்பிள் ரூமில் எல்லோருக்கும் தலைகால் புரியவில்லை. வெள்ளைத் தோல், ஓரத்தில் சிவப்புப் பட்டை, கீழே குமிழ் வைத்த சோல். நானே சாயங்காலங்களில் போய் உட்கார்ந்து மேல் தையல் போட்டேன். முதல் ஜோடி தயாரானதும் நீ வந்து மாட்டிப் பார்த்து, அங்கேயே நாலு குதி குதித்து, "சூப்பர்மா, கால்ல ஊத்துன மாதிரி கீது" என்றாய். உடனே மற்ற எல்லாவற்றையும் அதே மாதிரி செய்தார்கள். அதே மாதிரி என்றால் அதே அளவில். சாம்பிள் ரூமில் எது செய்தாலும் முப்பத்தேழுதான். பையர் மேஜையில் வைத்துப் பார்ப்பதற்கு எப்போதும் அந்த ஒரே அளவு. ஆர்டர் வந்த பிறகுதான் மற்ற அளவுகள் எல்லாம். வருஷக்கணக்கில் பழகிய கை, யோசிக்காமல் செய்துவிட்டது. அத்தனை பேர் இருந்தோமே, ஒருத்திக்காவது அந்தப் பெண்களின் கால் அளவைக் கேட்கலாம் என்று தோன்றியதா? நாங்கள் தைக்கிற ஷூவைப் போடுகிற கால் எதையும் நாங்கள் பார்த்ததே இல்லை. எல்லாம் பெட்டியில் போய்விடும். உன் கால் முப்பத்தேழு. கேட்டிருக்க வேண்டிய நீயும் பெட்டிகளைப் பிரிக்காமல், முதல் மேட்ச் அன்று காலையில் மேடையில் வைத்துக் கொடுக்க வேண்டும் என்று அடுக்கி வைத்துவிட்டாய்.

அன்றைக்கு மைதானத்தில் பந்தல், ஸ்பீக்கர், போட்டோக்காரர்கள். முதலாளி கையால் ஆளுக்கொரு பெட்டி. ஜெயந்தி சின்ன வயதிலிருந்து செருப்பில்லாமல் வரப்பில் நடந்து வளர்ந்தவள், அகலமான பாதம். முன்காலை நுழைத்துவிட்டுக் குதிகாலை உள்ளே தள்ள முடியாமல் கண்ணில் தண்ணீரோடு என்னைப் பார்த்தாள். ஷபானாவின் காலுக்கு அது படகு. துப்பட்டாவைக் கிழித்து உள்ளே அடைத்துக்கொண்டாள். பழைய பூட்ஸை யாரும் கொண்டுவரக் கூடாது என்று சொல்லியிருந்தோம், போட்டோவில் தெரியுமாம். பாதி ஆட்டம் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு நொண்டினார்கள். ஷபானா ஒரு பந்தை உதைத்தாள், பந்து ஒரு பக்கம் போக பூட்ஸ் ஒரு பக்கம் பறந்தது. ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. இடைவேளை முடிந்து ஜெயந்தி வெறுங்காலோடு வந்து நின்றாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் கழற்றிவிட்டார்கள். வெறுங்காலில் ஆட விட மாட்டேன் என்று ரெஃப்ரி கையை விரித்துவிட்டார். மேட்ச் நின்றது. ராத்திரிக்குள் எல்லோர் போனிலும் வந்துவிட்டது, ஷூ செய்கிற ஊரில் ஷூ இல்லாத டீம் என்று. முதலாளி என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. எல்லாப் பெட்டிகளையும் குடோனில் போடச் சொன்னார்.

அதோடு லீக்கின் உயிர் போய்விட்டது. அதற்கப்புறம் நடந்ததெல்லாம் சடங்கு. வாணியம்பாடி டீமில் இரண்டு பெண்களுக்குக் கல்யாணம் நிச்சயமானது, மூன்றாவது பெண்ணை வீட்டில் அனுப்பவில்லை. ராணிப்பேட்டை மைதானத்தைப் பொருட்காட்சிக்கு விட்டுவிட்டார்கள். பெண்கள் பார்க்க வருவார்கள் என்று சொன்னாயே, ஞாயிற்றுக்கிழமை கம்பெனி பஸ் ஓடாது, வாரம் பூரா சேர்ந்த துணியைத் துவைக்க அந்த ஒரு நாள்தான். வந்தவர்கள் எல்லாம் செல்போனைத் தூக்கிப் பிடித்த வாலிபப் பசங்கள்தான். பிறகு வெளிநாட்டு ஆர்டர் குறைந்தது, எங்களுக்கே ஓவர்டைம் நின்றது, முதலாளி கையைக் கழுவிவிட்டார். எந்த வீட்டிலும் ஒருத்தரும் கெட்டவர் இல்லை, சந்தியா. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. கெட்டவன் ஒருத்தன் இருந்தால் அவனோடு சண்டை போடலாம். இங்கே யாரோடு போடுவது? உன் காலத்தில் இது நடக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. உனக்குப் பிறகு யாராவது செய்வார்கள் என்று ஆறுதலுக்குச் சொல்லவும் நாக்கு வரவில்லை. நீ தோற்றதைப் பார்த்த பிறகு எந்த அப்பன் தன் பெண்ணை விடுவான்?

என் மேல் உனக்குக் கோபம் இருக்கிறது. "உங்க சாம்பிள் ரூம் புத்தியாலதான் எல்லாம் போச்சு" என்று நீ கத்தியதை அக்கம்பக்கம் முழுக்கக் கேட்டது. கத்து, அதில் பாதி நிஜம். மீதிப் பாதியை நான் சொல்கிறேன், கேள். அந்த பூட்ஸ் மாதிரிதான் அந்த லீக்கும், உன் ஒருத்தி காலுக்கு மட்டும் சரியாக இருந்தது. உனக்கு டிகிரி இருக்கிறது, சர்டிபிகேட் இருக்கிறது, நாளைக்கே ஏதாவது பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராகப் போய் உட்காரலாம். உனக்குத் தோல்வி என்றால் கொஞ்ச நாள் அழுகை. ஜெயந்தி அவள் வீட்டில் மருந்துக்கும் சோற்றுக்கும் சம்பாதிக்கிற ஒரே ஆள். முழுநேரம் என்று நீ சொன்ன வார்த்தைக்கு அவள் கொடுத்ததும் நீ கொடுத்ததும் ஒன்றா? இதை நீ யோசிக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. யோசித்ததால்தான் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் பெங்களூரில் போய் உட்கார்ந்திருக்கிறாய். நான் உன்னைப் பெற்றவள், எனக்குத் தெரியாதா?

இன்னொன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். நீ ஆடிய வெளி மாநிலத்து கிளப் ஒன்று பாதி சீசனில் மூடியபோது நீ ஹாஸ்டலில் என்ன பாடுபட்டாய்? மெஸ்ஸை நிறுத்திவிட்டார்கள், மேனேஜர் போனை எடுக்கவில்லை, இன்றைக்கு வருவார் நாளைக்கு வருவார் என்று பன் தின்றுகொண்டு காத்திருந்தீர்கள். வீட்டுக்கு வந்து என் மடியில் விழுந்து, "இல்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னிக்கே கெளம்பி வந்திருப்போம்மா. அதக்கூட சொல்லலம்மா அந்தாளு" என்று அழுதாய். அந்த ஆளை நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன், அவன் குடும்பம் விளங்குமா என்று மண்ணை வாரித் தூற்றினேன். இப்போது அதே காரியத்தை என் பெண் செய்கிறாள். நான் யாரைத் திட்டுவது, சொல்லு? நீ வேண்டுமென்று செய்யவில்லை, அவர்கள் மனசு உடையக் கூடாது என்று செய்கிறாய். அந்த மேனேஜரும் அப்படித்தான் நினைத்திருப்பான்.

நேற்று சாயங்காலம் ஷபானா பஸ் நிறுத்தத்தில் எனக்காகக் காத்திருந்தாள். அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். அவளுக்கு விருப்பமில்லை. கையில் ஒரு வேலை இருந்தால் இன்னும் ஒரு வருஷம் தள்ளிப் போடச் சொல்லி அவள் அப்பாவிடம் பேச முடியும். லீக் நடக்கும் என்றால் லீக், இல்லையென்றால் கம்பெனி, ஏதாவது ஒன்று. "நீங்க உள்ளத சொல்லுங்க ஆன்ட்டி. அக்கா வருவாங்களா? சீசன் இருக்கா இல்லியா? இல்லன்னா சனிக்கெழம நான் கம்பெனில சேந்துர்றேன்" என்று நேராக என் கண்ணைப் பார்த்துக் கேட்டாள். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். "அக்கா வந்து சொல்லுவா கண்ணு" என்று சொல்லிவிட்டு பஸ் வருகிற பக்கம் திரும்பிக்கொண்டேன். எந்த மேனேஜருக்கும் பயப்படாத உன் அம்மாவால் ஒரு சின்னப் பெண்ணுக்கு உண்மை சொல்ல முடியவில்லை. நான் சொன்னால் அவர்கள் நம்பவும் மாட்டார்கள். சூப்பர்வைசரம்மா லைனுக்கு ஆள் பிடிக்கிறாள் என்றுதான் நினைப்பார்கள். உன் வாயால் கேட்டு வேலையை விட்டவர்கள், உன் வாயால் கேட்டால்தான் திரும்பி வருவார்கள்.

வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறினால் விடிவதற்குள் வந்துவிடலாம். நேராக மைதானத்துக்குப் போ. உட்கார வைத்துப் பேசாதே, சுற்றி வளைக்காதே, நம்பிக்கை அது இது என்று ஆரம்பிக்காதே. முடிந்துவிட்டது, என்னால் முடியவில்லை, நீங்கள் கம்பெனியில் சேர்ந்துகொள்ளுங்கள் என்று சொல். ஜெயந்தி உன்னைக் கண்டபடி ஏசுவாள். ஏசட்டும், வாங்கிக்கொள். ஷபானா ஒன்றும் பேச மாட்டாள், அது அதைவிடக் கஷ்டமாக இருக்கும், அதையும் வாங்கிக்கொள். அன்றைக்கு நான் லீவ் போட்டிருக்கிறேன், உனக்குப் பின்னால் நிற்பேன், குறுக்கே பேச மாட்டேன். கம்பெனி கேட் பூட்டுவதற்குள் அவர்கள் உள்ளே போய்விட வேண்டும். அதற்கப்புறம் நீ பெங்களூருக்குப் போ, எங்கே வேண்டுமானாலும் போ, உன்னை ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். நீ யாரையும் பார்க்க வேண்டியதில்லை, ஸ்பான்சர், ஆபீஸ், மீட்டிங் ஒன்றும் வேண்டாம் கண்ணு. லீக் வராது. நீயாவது வா.

உன் அம்மா